காற்று இழுக்காது, தள்ளும்: வீட்டுச் சோதனைகளில் காற்றழுத்தம் எப்படி வேலை செய்கிறது?

தட்டில் கொஞ்சம் தண்ணீர். நடுவில் எரியும் மெழுகுவர்த்தி. அதன்மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் மங்கி அணைகிறது. தட்டிலிருந்த தண்ணீர் டம்ளருக்குள் ஏறுகிறது. அறிவியல் கண்காட்சிகளில் அடிக்கடி பார்க்கும் சோதனை இது. தண்ணீர் ஏன் ஏறியது என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில்: "உள்ளே இருந்த ஆக்சிஜன் எரிந்து தீர்ந்துவிட்டது, காலியான இடம் தண்ணீரை இழுத்துக்கொண்டது."

இந்த ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. ஆக்சிஜன் தீர்வதில்லை. காலியிடம் எதையும் இழுப்பதுமில்லை. காற்றழுத்தச் சோதனைகளைப் பற்றிய குழப்பங்களில் பெரும்பாலானவை இரண்டாவது பிழையிலிருந்து முளைப்பவை. அதனால் அடிப்படையிலிருந்தே தொடங்குவோம்.

காற்றழுத்தம் என்பது என்ன?

காற்று என்பது ஓயாமல் பறந்துகொண்டிருக்கும் மூலக்கூறுகளின் கூட்டம். அறை வெப்பநிலையில் அவை சராசரியாக நொடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் பறக்கின்றன. வழியில் எது இருந்தாலும் மோதித் திரும்புகின்றன. ஒவ்வொரு மோதலும் மிகச் சிறிய தள்ளல். கோடானுகோடி மோதல்கள் ஒன்றுசேரும்போது நிலையான ஒரு தள்ளலாகிறது. ஒரு குறிப்பிட்ட பரப்பின்மீது விழும் அந்தத் தள்ளலைத்தான் அழுத்தம் என்கிறோம்.

கடல் மட்டத்தில் இதன் அளவு 1,01,325 பாஸ்கல் (பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு). கைக்குப் பிடிபடும்படி சொன்னால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய 1 கிலோ எடையை வைத்தது போன்ற தள்ளல். 100 சதுர செ.மீ. பரப்புள்ள உள்ளங்கையின்மேல் 100 கிலோ! அப்படியிருந்தும் கை கீழே போகாததற்குக் காரணம், கையின் அடிப்பக்கத்திலும் காற்று அதே அளவு மேல்நோக்கித் தள்ளுகிறது. மூலக்கூறுகளுக்கு மேல், கீழ் என்ற பேதம் கிடையாது. எல்லாத் திசையிலும் பறக்கின்றன, எல்லாத் திசையிலும் தள்ளுகின்றன. உடலுக்குள் இருக்கும் திரவங்களும் காற்றறைகளும் அதே அழுத்தத்தில் இருப்பதால்தான் நாம் நசுங்குவதில்லை.

இதிலிருந்து கிடைக்கும் விதி ஒன்றுதான். இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாக இருக்கும்வரை கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஒரு பக்கம் குறைந்தால், மறுபக்கத்துக் காற்று ஜெயித்துவிடும். கீழே வரும் சோதனைகள் எல்லாம் ஒரு பக்கத்தின் அழுத்தத்தைக் குறைக்கும் வெவ்வேறு உத்திகள்தான்.

உறிஞ்சுதல் என்று ஒரு விசை இல்லை

ஸ்ட்ராவில் குடிக்கும்போது பானத்தை வாயால் இழுக்கிறோம் என்றே தோன்றும். உண்மையில் வாய்க்குள் இருக்கும் இடத்தை விரிவாக்கி, அங்குள்ள காற்றின் அழுத்தத்தை மட்டும் குறைக்கிறோம். மிச்ச வேலையை டம்ளரில் உள்ள பானத்தின் மேற்பரப்பை அழுத்திக்கொண்டிருக்கும் வெளிக்காற்று செய்கிறது. அதுதான் பானத்தை ஸ்ட்ரா வழியாக மேலே தள்ளுகிறது.

இதை நம்ப வேண்டியதில்லை, சோதித்துப் பார்க்கலாம்:

1. இரண்டு ஸ்ட்ராக்களை ஒன்றாக வாயில் வையுங்கள். ஒன்றின் நுனி பானத்துக்குள், மற்றொன்றின் நுனி வெளியே காற்றில். எவ்வளவு முயன்றாலும் பானம் சரியாக ஏறாது. வெளி ஸ்ட்ரா வழியாகக் காற்று உள்ளே வந்து வாயின் அழுத்தத்தைச் சமன்செய்துவிடுகிறது.

2. ஒரு கண்ணாடி பாட்டிலை முழுவதும் நிரப்பி, ஸ்ட்ராவைச் சொருகி, வாய்ப்பகுதியைச் சுற்றிக் களிமண்ணால் காற்றுப் புகாமல் அடையுங்கள். இப்போது உறிஞ்சினால் ஒரு மடக்குக்கூடக் கிடைக்காது. வாய் அதே வாய், முயற்சியும் அதே முயற்சி. மேலிருந்து தள்ள வேண்டிய காற்றுக்கு வழி இல்லை, அவ்வளவுதான்.

இந்த இரண்டில் ஒன்றையே பாடமாக வைக்க வேண்டுமானால் நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன். 'இழுத்தல்' என்ற எண்ணத்தை அது வேரோடு பிடுங்கிவிடுகிறது.

சுவரில் ஒட்டும் ரப்பர் கிண்ணமும் இதே கதை. அமுக்கும்போது உள்ளிருந்த காற்று வெளியேறுகிறது. விட்டதும் ரப்பர் விரிய முயல்கிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று அதைச் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. 5 செ.மீ. விட்டமுள்ள கிண்ணத்தின் பரப்பு சுமார் 20 சதுர செ.மீ. உள்ளே காற்றே இல்லாத நிலையில் அதைப் பிடித்திருக்கும் விசை 20 கிலோ எடைக்குச் சமம்.

அழுத்தத்தை மாற்றும் மூன்று வழிகள்

1. இடத்தை மாற்றுவது. அதே அளவு காற்றுக்கு இரட்டிப்பு இடம் கொடுத்தால் சுவர்மீது விழும் மோதல்கள் பாதியாகும், அழுத்தமும் பாதியாகும். ராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்ட விதி இது. ஊசியில்லாத சிரிஞ்சுக்குள் லேசாக ஊதிய ஒரு குட்டி பலூனை வைத்து, முனையை விரலால் மூடி, பிஸ்டனை வெளியே இழுத்துப் பாருங்கள். பலூன் தானாக உப்பும்.

2. வெப்பநிலையை மாற்றுவது. சூடானால் மூலக்கூறுகள் வேகமாகப் பறந்து பலமாக மோதும். மூடிய பாத்திரத்தில் அழுத்தம் கூடும். திறந்த பாத்திரத்தில் காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறும். குளிர்ந்தால் நேர்மாறு. கணக்குப் போடும்போது செல்சியஸ் அளவோடு 273-ஐக் கூட்டிக் கெல்வினில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

3. மூலக்கூறுகளின் எண்ணிக்கையை மாற்றுவது. காற்றை ஊதி நிரப்பலாம், வெளியேற்றலாம். அல்லது வாயுவைத் திரவமாக்கிவிடலாம். இந்தக் கடைசி வழியின் வலிமையைப் பலரும் குறைத்து எடைபோடுகிறார்கள். நசுங்கும் குவளையில் அதைப் பார்க்கலாம்.

மெழுகுவர்த்தி: பிரபலமான பதில் ஏன் தவறு?

காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். டம்ளருக்குள் தண்ணீர் ஏறும் அளவும் சில சமயம் ஐந்தில் ஒரு பங்குக்கு நெருங்கி வந்துவிடும். இந்தத் தற்செயல் பொருத்தம்தான் தவறான பதிலுக்கு இவ்வளவு ஆயுளைக் கொடுத்திருக்கிறது.

முதலில் வேதியியல். மூடிய இடத்தில் மெழுகுவர்த்தி அணையும்போது ஆக்சிஜன் பூஜ்யத்துக்குப் போய்விடுவதில்லை. ஏறக்குறைய 16 சதவீதம் மிச்சமிருக்கும்போதே சுடர் அணைந்துவிடும். அதாவது 100 பங்கு காற்றில் 5 பங்கு அளவு ஆக்சிஜன்தான் செலவாகிறது. அந்த 5 பங்கும் மாயமாவதில்லை. மெழுகு எரியும்போது 38 பங்கு ஆக்சிஜன் செலவானால் சுமார் 25 பங்கு கார்பன் டை ஆக்சைடும் 26 பங்கு நீராவியும் உண்டாகின்றன. நீராவி பெரும்பாலும் டம்ளரின் சுவரில் நீர்த்துளியாகப் படிந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் மெதுவாகத்தான் கரையும், அதனால் வாயுவாகவே பெரும்பாலும் தங்கிவிடும். எல்லாம் கழித்துப் பார்த்தால், எரிதலால் குறையும் பருமன் 100-க்கு 2 பங்குகூட இல்லை.

பிறகு ஏற்றம் எங்கிருந்து வருகிறது? சூட்டிலிருந்து. டம்ளரைக் கவிழ்க்கும்போதே சுடரைச் சுற்றியுள்ள காற்று சூடாக இருக்கிறது. கவிழ்த்த பிறகும் சுடர் எரியும் சில நொடிகளில் உள்ளே உள்ள காற்று மேலும் விரிந்து, விளிம்புக்கு அடியில் குமிழிகளாக வெளியேறலாம். சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று சட்டென்று குளிர்கிறது. சராசரி வெப்பநிலை 80 டிகிரியிலிருந்து 27 டிகிரிக்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். கெல்வினில் அது 353-லிருந்து 300. காற்று 15 சதவீதம் சுருங்குகிறது. எரிதலால் வந்த குறைவோடு ஒப்பிட்டால் எது பெரிய காரணம் என்பது தெளிவு. உள்ளே அழுத்தம் குறைந்ததும், தட்டில் உள்ள தண்ணீரை வெளிக்காற்று உள்ளே தள்ளுகிறது.

கணக்கு பிடிக்காதவர்கள் கண்ணாலேயே பார்க்கலாம்:

1. ஏறும் நேரத்தைக் கவனியுங்கள். ஆக்சிஜன்தான் காரணம் என்றால் சுடர் எரியும்போதே தண்ணீர் சீராக ஏற வேண்டும். நடப்பது வேறு. சுடர் மங்கும்போதும் அணைந்த பிறகும்தான் விறுவிறுவென்று ஏறுகிறது.

2. தண்ணீரில் ஒரு சொட்டுச் சோப்புத் திரவம் விடுங்கள். காற்று வெளியேறினால் விளிம்பைச் சுற்றி நுரையாகத் தெரியும்.

3. ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்தி வையுங்கள். டம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜன் அதே அளவுதான், ஆனால் தண்ணீர் அதிக உயரம் ஏறும். கூடுதல் சுடர், கூடுதல் சூடு.

4. மெழுகுவர்த்தியே வேண்டாம். தடித்த டம்ளரில் சூடான தண்ணீரை விட்டுக் கொட்டி, உடனே தட்டுத் தண்ணீரில் கவிழ்த்து வையுங்கள். எதுவும் எரியவில்லை, ஆனாலும் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஏறும்.

நான்காவது சோதனையோடு விவாதம் முடிந்துவிடுகிறது என்பேன்.

நசுங்கும் குவளையும் பாட்டிலுக்குள் நுழையும் முட்டையும்

காலியான அலுமினியக் குளிர்பானக் குவளையில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு, ஆவி பொங்கும்வரை சூடாக்கி, இடுக்கியால் பிடித்துச் சட்டென்று குளிர்ந்த நீரில் கவிழ்த்தால், 'டப்' என்ற சத்தத்தோடு குவளை நொறுங்கிப்போகும். (பெரியவர்கள் செய்ய வேண்டிய சோதனை. மூடிய பாத்திரத்தை ஒருபோதும் சூடாக்கக் கூடாது, அது வெடிக்கும்.)

"சூடான காற்று குளிர்ந்து சுருங்கியது" என்று இதையும் மெழுகுவர்த்தியோடு சேர்த்துவிடுகிறார்கள். இங்கே அது போதாது. வெறும் காற்றை 100 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குக் குளிர்வித்தால் அழுத்தம் 19 சதவீதம்தான் குறையும். ஆனால் குவளைக்குள் இருந்தது பெரும்பாலும் நீராவி. கொதிக்கும் தண்ணீரிலிருந்து கிளம்பிய ஆவி, உள்ளிருந்த காற்றைத் துரத்திவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1 மில்லி தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 மில்லி இடத்தைப் பிடிக்கும். திருப்பிச் சொன்னால், 330 மில்லி குவளையை நிறைத்திருக்கும் அத்தனை ஆவியும் நீரானால் மிஞ்சுவது நான்கு சொட்டு. 30 டிகிரியில் நீராவி தரக்கூடிய அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் 4 சதவீதம் அளவுதான். காற்று முழுவதும் வெளியேறியிருந்தால், மீதி 96 சதவீதத்துக்கு உள்ளிருந்து எதிர்ப்பே இல்லை. அந்தக் குவளையின் பக்கச்சுவர் சுமார் 250 சதுர செ.மீ. மெல்லிய அலுமினியம் அத்தனையும் எப்படித் தாங்கும்?

கீழே தண்ணீர் இருக்கிறதே, அது உள்ளே ஏறிச் சமன்செய்துவிடாதா? செய்யும், நேரம் கிடைத்தால். குவளையின் வாய் சிறியது. ஆவி நீராவதோ கண்ணிமைக்கும் நேரத்தில். தண்ணீர் வந்து சேர்வதற்குள் சுவர் விட்டுக்கொடுத்துவிடுகிறது. நசுங்கிய குவளையைத் தூக்கினால் உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஏறியிருப்பதையும் பார்க்கலாம்.

முட்டைச் சோதனை மெழுகுவர்த்தியின் தம்பி. எரியும் காகிதத்தைக் கண்ணாடி பாட்டிலுக்குள் போட்டு, உரித்த வேகவைத்த முட்டையை வாயில் வைத்தால், முதலில் முட்டை துள்ளும்: சூடான காற்று அதைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறது. தீ அணைந்ததும் முட்டை மூடிபோல் உட்கார்ந்துகொள்ள, உள்ளே குளிர்கிறது, வெளிக்காற்று முட்டையை உள்ளே தள்ளுகிறது. வெளியே எடுக்க, பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து முட்டையை வாய்க்கு வரவைத்து, பாட்டிலின்மேல் வெந்நீர் ஊற்றினால் போதும். இப்போது உள்காற்றுக்கு வெற்றி.

கவிழ்த்த டம்ளரும் அட்டையும்

டம்ளரில் தண்ணீரை நிரப்பி, அட்டையால் மூடி, கையால் பிடித்தபடி தலைகீழாகக் கவிழ்த்து, மெதுவாகக் கையை எடுக்கிறோம். அட்டை விழுவதில்லை. விளக்கம் எளிது போலத் தெரியும்: 10 செ.மீ. உயரத் தண்ணீர் ஒரு சதுர செ.மீ.க்கு 10 கிராம்தான் கீழே அழுத்துகிறது, காற்றோ 1 கிலோவுக்கு மேல் மேலே தள்ளுகிறது. நூறு மடங்கு!

சரி. ஆனால் டம்ளரைப் பாதி மட்டும் நிரப்பினாலும் அட்டை நிற்கிறதே? தண்ணீருக்கு மேலே அடைபட்டிருக்கும் காற்றும் வெளிக்காற்றின் அதே அழுத்தத்தில் இருந்ததுதானே? அது கீழ்நோக்கித் தள்ளாதா? தள்ளும். அப்படியானால் இரண்டும் கழிந்துபோய், தண்ணீரின் எடை மட்டும் மிஞ்சி, எல்லாம் கொட்டிவிட வேண்டும். விவரமான குழந்தைகள் கேட்கும் இந்தக் கேள்வியைப் பெரும்பாலான விளக்கங்கள் தாண்டிப் போய்விடுகின்றன. பதில் அழகானது, அதனால் நிதானமாகவே பார்ப்போம்.

12 செ.மீ. உயர டம்ளர், கவிழ்த்த பிறகு 6 செ.மீ. தண்ணீர், அதன்மேல் 6 செ.மீ. காற்று. கையை எடுத்ததும் தண்ணீர் மிகக் கொஞ்சம் கீழே இறங்குகிறது: அட்டை லேசாக வளைகிறது, அல்லது ஓரிரு சொட்டுக் கசிகிறது. இறங்கியதால் அடைபட்ட காற்றுக்கு இடம் கூடுகிறது, பாயிலின் விதிப்படி அதன் அழுத்தம் குறைகிறது. எவ்வளவு குறைய வேண்டும்? 6 செ.மீ. தண்ணீரின் எடையை ஈடுகட்டும் அளவுதான். வெளிக்காற்று 1,033 செ.மீ. உயரத் தண்ணீரைத் தாங்கக்கூடியது. 6 என்பது அதில் 0.6 சதவீதம். காற்றின் உயரம் 0.6 சதவீதம் கூடினால் போதும். 6 செ.மீ.யில் அது 0.35 மில்லிமீட்டர். மூன்றில் ஒரு மில்லிமீட்டர் இறங்கியதும் கணக்குச் சரியாகி, எல்லாம் நின்றுவிடுகிறது. கண்ணுக்கே தெரியாத இந்த இறக்கம்தான் சோதனையின் உயிர். விளிம்புக்கும் அட்டைக்கும் இடையே வரும் நுண்ணிய இடைவெளியைத் தண்ணீரின் பரப்பு இழுவிசை (நீர்ப்பரப்பு இறுக்கிக் கட்டிய தோல்போல் நடந்துகொள்ளும் தன்மை) அடைத்துக்கொள்கிறது, காற்று உள்ளே நுழைவதில்லை.

அடைபட்ட காற்றுதான் முக்கியம் என்பதைச் சரிபார்க்க, அடியில் சிறு துளையிட்ட பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து, துளையை விரலால் மூடிக்கொண்டு இதையே செய்யுங்கள். விரலை எடுத்த கணமே அட்டையும் தண்ணீரும் கீழே.

இன்னொரு கேள்வி. காற்றுதான் தாங்குகிறது என்றால் அட்டை எதற்கு? அட்டை இல்லாவிட்டாலும் காற்றழுத்தம் அதேதான். ஆனால் அகலமான நீர்ப்பரப்பு தட்டையாக நிலைத்திருக்காது. ஒரு பக்கம் சற்றுத் தொய்ந்தால் அங்கே தண்ணீர் வழியும், மறுபக்கம் காற்று குமிழியாக ஏறும். அட்டை எடையைச் சுமப்பதில்லை. பரப்பைச் சமமாக வைத்திருக்கிறது. அட்டைக்குப் பதில் மெல்லிய வலைத்துணியை இறுக்கிக் கட்டினாலும் தண்ணீர் நிற்பது இதனால்தான். ஒவ்வொரு துளையும் மிகச் சிறியது, அங்கே பரப்பு இழுவிசையே நீர்ப்பரப்பைக் குலையாமல் பிடித்துக்கொள்கிறது.

10 மீட்டர் எல்லை

காற்று தள்ளுகிறது என்றால் அதன் பலத்துக்கு ஓர் எல்லை இருக்க வேண்டும். இருக்கிறது. மேலே முழு வெற்றிடமே இருந்தாலும், கடல் மட்டத்தில் வெளிக்காற்றால் தண்ணீரைச் சுமார் 10.3 மீட்டர் உயரத்துக்கு மேல் தள்ள முடியாது. உறிஞ்சு பம்புகள் ஓர் உயரத்துக்கு மேல் தண்ணீரை ஏற்றுவதில்லை என்பதைக் கலிலியோ 1638-இல் வெளியான தன் நூலில் குறிப்பிட்டார். நீளமான கயிறு தன் எடையாலேயே அறுவதுபோல் நீர்த்தூணும் அறுந்துவிடுகிறது என்று அவர் விளக்கினார். அத்தனை பெரிய மேதைக்கும் 'இழுத்தல்' என்ற பார்வையிலிருந்து வெளியே வர முடியவில்லை.

வெளியே வந்தவர் இத்தாலிய அறிவியலாளர் டாரிசெல்லி. 1643-இல் தண்ணீருக்குப் பதில் 13.6 மடங்கு அடர்த்தியான பாதரசத்தை வைத்துச் செய்த சோதனையில், பாதரசத் தூண் ஏறக்குறைய 76 செ.மீ. உயரத்தில் நின்றது. காற்றுக் கடலின் அடியில் நாம் வாழ்கிறோம், அந்தக் கடலின் எடையே இந்தத் தூணைத் தாங்குகிறது என்றார் அவர். அது உண்மையானால் மலைமேல் ஏறும்போது தூண் குட்டையாக வேண்டும். 1648 செப்டம்பர் 19 அன்று, பிரெஞ்சு அறிவியலாளர் பாஸ்கலின் யோசனைப்படி அவருடைய சகோதரியின் கணவர் பெரியே, பிரான்சின் பியூ தெ தோம் மலையில் ஏறி அளந்தார். சுமார் 1,000 மீட்டர் ஏற்றத்தில் பாதரசம் 8 செ.மீ. அளவு இறங்கியிருந்தது.

இதன் விளைவு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. தரைமேல் வைக்கும் உறிஞ்சு மோட்டார்களால் 7, 8 மீட்டர் ஆழத்துக்குக் கீழிருந்து தண்ணீர் எடுப்பது கடினம். மோட்டாரின் சக்தியைக் கூட்டிப் பயனில்லை, ஏனென்றால் தண்ணீரை மேலே தள்ளுவது மோட்டார் அல்ல, வெளிக்காற்று. ஆழ்துளைக் கிணறுகளில் மோட்டாரையே தண்ணீருக்குள் இறக்கி, அடியிலிருந்து தள்ளச் செய்வது இதனால்தான்.

காகிதத்தை ஊதும் சோதனை: ஓர் எச்சரிக்கை

ஒரு காகிதப் பட்டையின் நுனியை உதட்டுக்குக் கீழே பிடித்து மேற்புறமாக ஊதினால், தொங்கிக்கொண்டிருந்த பட்டை எழும்புகிறது. "வேகமான காற்றில் அழுத்தம் குறைவு, இது பெர்னூலி தத்துவம்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். டேனியல் பெர்னூலி 1738-இல் தந்த தத்துவத்தில் பிழை இல்லை, அதை இங்கே பொருத்துவதில்தான் பிழை. ஒரே ஓட்டத்துக்குள் வேகம் மாறும்போது அழுத்தம் எப்படி மாறும் என்பதையே அது சொல்கிறது. வாயிலிருந்து வரும் காற்று நுரையீரலின் உழைப்பால் வேகம் பெற்றது. பட்டைக்கு அடியில் சும்மா இருக்கும் காற்றோடு அதை ஒப்பிட அந்தத் தத்துவம் இடம் தருவதில்லை. வாயைவிட்டு வெளியே வந்து நேராகச் செல்லும் காற்றுத் தாரையின் அழுத்தம், வேகமாக இருந்தாலும், சுற்றியுள்ள காற்றின் அழுத்தமேதான்.

பட்டை எழும்புவதற்குக் காரணம் அதன் வளைவு. ஊதிய காற்று வளைந்த காகிதத்தை ஒட்டியபடி தானும் வளைந்து செல்கிறது. எதுவும் வளைந்து செல்ல வேண்டுமானால் உட்பக்கமாக ஒரு விசை தேவை. காற்றுக்கு அந்த விசையைத் தருவது அழுத்த வேறுபாடு: வளைவின் வெளிப்பக்கம் வழக்கமான காற்றழுத்தம், காகிதத்தை ஒட்டிய உட்பக்கம் சற்றுக் குறைவு. அடியில் இருக்கும் காற்று வழக்கமான அழுத்தத்தோடு மேலே தள்ள, பட்டை எழும்புகிறது.

வேகம்தான் காரணமா, வளைவுதான் காரணமா என்பதை அரை நிமிடத்தில் சோதிக்கலாம். அதே பட்டையை வளைவே இல்லாமல் செங்குத்தாகத் தொங்கவிட்டு, அதன் ஒரு பக்கத்தை ஒட்டி மேலிருந்து கீழாக நேராக ஊதுங்கள். வேகம்தான் காரணம் என்றால் பட்டை காற்றோட்டத்தின் பக்கம் பாய்ந்து சாய வேண்டும். அது ஏறக்குறைய இருந்த இடத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.